நானாவை மணை இறக்கிய ஞாயிறு

அசுவாசே
9 ஜூன் 1985

தம்பி யாவ்,

நலமா என்று கேட்டால் நீ பதில் போடப்போவதில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர் அரசர் போன மாதம் தன் கிராமத்துக்குப் போய்விட்டார். அரசனைப் பற்றி இதைவிட வெளிப்படையாகச் சொல்லக்கூடாது என்பது அக்ராவில் இத்தனை வருஷம் இருந்தும் உனக்கு மறந்திருக்காது. துக்கச் சடங்கெல்லாம் முடிந்தது. அரச மணை காலியாக இருக்கிறது. அடுத்து அதில் உட்காரப் போகிறவன் பெயரைச் சொல்ல வேண்டியவள் நான். பதினோரு வருஷமாக என்னை அரசித்தாய் என்று ஊர் கும்பிடுவது இந்த ஒரு வேலைக்காகத்தான்.

மூன்று பெயர் சொல்ல எனக்கு உரிமை. முதலில் பெரியம்மா மகனைச் சொன்னேன். சபையின் மூத்த பெரியவர் சார்ப்போங் மூக்கைச் சுளித்தார். "தாயே, காலங்காத்தாலயே கள்ளு வாடை அடிக்குது. மணைக்கும் சேத்து ஊத்துவான்." சபையே சிரித்தது. இரண்டாவதாகச் சித்தி மகன். "அவன் பொண்டாட்டிய கேக்காம இருமக்கூட மாட்டான். அதுக்கு அவளையே உக்கார வெச்சிடலாமே" என்றார். அதற்கும் சிரிப்பு. மூன்றாவது பெயரும் தள்ளப்பட்டால் மணை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அரச வீட்டுக்குப் போய்விடும். திரும்பி வராது.

அப்போது சார்ப்போங்கே சொன்னார்: "ஒங்க தம்பி ஒருத்தன் இருக்கானே. பன்னெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம தவறாம டிவி நாடகத்துல அரசனா வர்றான். அவனுக்கு நடக்கத் தெரியும், துணி போத்தத் தெரியும். நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல."

கேலியாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

உன் நாடகம் எதையும் நான் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் அம்மாவின் துணியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கூத்து லாரியில் ஏறி ஓடினாயே, அடுத்த வருஷமே அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு, மாரில் பஞ்சு வைத்து, நம் ஊர்ச் சந்தையிலேயே பெண்ணாக ஆடினாய். பாதியில் எழுந்து வந்தவள் நான். அன்றோடு சரி. இப்போது அந்தக் கூத்துதான் உன்னை மணைக்குக் கூப்பிடுகிறது என்றால் நான் என்ன சொல்ல. வா.

அகோசுவா, அரசித்தாய்


அக்ரா
20 ஜூன் 1985

அக்கா,

கடிதத்தை லாரி டிரைவர் கொடுக்கும்போதே, நாடகத்து அரசனை அழைப்பதுபோல, "நானா, ஒங்கக்கா நல்லாத்தான் திட்டியிருக்காங்க" என்று சிரித்தான். அடுத்த தடவை உறையை ஒட்டி அனுப்பு.

மூன்று முறை படித்தேன். முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வருகிறேன் என்றே எழுத வருகிறது. எனக்கே ஆச்சரியம்.

களைத்துவிட்டேன் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. கூத்துக் காலத்தில் லாரியின் தலையில் மேடைப் பலகைகளுக்கு மேல் படுத்துத் தூங்கியபோதுகூட இவ்வளவு களைப்பு இல்லை. இப்போது காலை எட்டு மணிக்கு முகத்தில் மாவு பூசி, தோளில் அரசர் போர்த்தும் கென்டே துணி போட்டு உட்கார வைப்பார்கள். மின்சாரம் இருக்காது. மத்தியானம் வரும். விளக்கு எரிந்தால் கேமரா ஓடாது. கேமரா ஓடும் நேரத்தில் என் வசனம் மறந்துபோயிருக்கும். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அரசன். திங்கள் காலை ட்ரோட்ரோ வண்டியில் இடமில்லாமல் கம்பியில் தொங்குகிறேன். "நானா, கொஞ்சம் காலை நகத்துங்க, மீன் கூடை வெக்கணும்" என்பார்கள். நானா என்று கூப்பிடுவதை மட்டும் விடமாட்டார்கள். நடிகன் என்று இந்த ஊரில் ஒருத்தரும் என்னைச் சொன்னதில்லை. நான் நடிக்கிறேன் என்பதே அவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

நாடகமும் முடிகிறது. புது இயக்குநர் லாம்ப்ட்டே, முப்பது வயதுக்காரர், இனிமேல் ஜனங்களுக்கு டாக்டர் கதைதான் வேண்டும் என்கிறார். அதனால் கடைசி வாரத்தில் நானாவை மணை இறக்கிவிட்டார்கள். போன வியாழக்கிழமை எடுத்தோம். தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: தூதுவன் அறிவிக்கிறான், நானா தலை குனிகிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தலை குனிவா என்று எனக்குத் தோன்றியது. தூதுவனாக நடிக்கும் ஒக்யெரேயைப் பார்த்து நானே காலை நீட்டினேன். இருபது வருஷம் என்னோடு நடித்தவன். புரிந்துகொண்டு குனிந்து செருப்பைக் கழற்றினான். மற்ற இரண்டு பேர் என்னைத் தூக்கி மூன்று முறை தரையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வரவழைக்கவில்லை, வந்தது. முடிந்த பிறகும் "போதும்" என்று யாரும் சொல்லவில்லை. கேமராக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் நாற்பது வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் அக்கா. ஜூலை பதினாலாம் தேதி வருகிறது. ஒரே ஒரு தடவை நீ பார். அதன் பிறகு ஊருக்கு வந்து, நீ சொல்லும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

யாவ்


அசுவாசே
27 ஜூன் 1985

யாவ்,

உனக்குப் புத்தி பிசகிவிட்டதா?

செருப்பைக் கழற்றி வெறுங்கால் மண்ணில் பட்டு, பிட்டம் மூன்று முறை தரை தொட்டவனை எந்த மணையும் ஏற்காது. அப்படிச் செய்துதானே அரசனை இறக்குகிறோம்? இறக்கியவனை எப்படி ஏற்றுவது? அவன் எந்த மணையிலிருந்து இறங்கினான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாடகம்தானே அக்கா என்று எழுதப்போகிறாய். எழுதாதே. உன் நடையைப் பார்த்துத்தானே உன்னை அரசனாக்கச் சொன்னார்கள்? அது மட்டும் நாடகம் இல்லையா? ஏற்றுவதற்கு நாடகத்தை நம்புகிறவர்கள் இறக்குவதற்கும் நம்புவார்கள்.

பழைய இயக்குநர் இருந்தவரை இதெல்லாம் காட்டியதில்லை என்று பெண்கள் சொல்கிறார்கள். செருப்பு வரும் இடத்தில் வேறு எதையாவது காட்டிவிடுவாராம். இந்த லாம்ப்ட்டே கடற்கரைக்காரர், அவருக்கு நம் வழக்கம் எங்கே தெரியும். உனக்குத் தெரியாதா? நீயே காலை நீட்டினாயாமே! அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய்.

இந்த ஊரில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, கோக்கோ எடை போடும் குமாஸ்தா வீட்டு முற்றத்தில். ஞாயிறு தவறாமல் பெரியவர்கள் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முதல் வரிசை, நட்டநடு இடம் சார்ப்போங்குக்கு. அவர் பார்க்கப்போகிறார். அதை நிறுத்து.

அகோசுவா


அக்ரா
4 ஜூலை 1985

அக்கா,

தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனேன். லாம்ப்ட்டேயிடம் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"நானா, வெளையாடாதீங்க. நாடகத்துல செத்தவனை யாராவது பொதைச்சாங்களா?"

"நாடகத்துல அரசனா இருந்தவனை நெஜ அரசனாக்கக் கூப்பிட்டிருக்காங்களே."

அதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போய் அந்த நாடாவைப் போட்டுக் காட்டினார். நான் என்னை அதுவரை பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் பெட்டி கிடையாது. சின்னத் திரையில் ஒரு கிழவர் காலை நீட்டினார். அவர் யார் என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

லாம்ப்ட்டே சொன்னார்: "இதை வெட்டிட்டு, நானா வெளியூர் போயிட்டார்னு ஒரு அறிவிப்பு போட்டு முடிச்சுடறேன். வெட்டினா வெட்டினதுதான், அதுக்கு மேல வேற பதிவு பண்ணிடுவோம். புது நாடா நாட்டுலயே கெடையாது, ஒங்களுக்கே தெரியும். நீங்க சரின்னு சொல்லுங்க, இப்பவே அழிச்சுடறேன்."

கையைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. திறக்கத்தான் நினைத்தேன். உன் முகத்தைக்கூட நினைத்துப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனேன். உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

யாவ்


அசுவாசே
9 ஜூலை 1985

தம்பி,

கோபப்பட்டு எழுதினால் நீ முறைத்துக்கொள்வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

பூசாரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், யாருக்கோ நடந்ததுபோல. ஆடு வெட்டி, முன்னோருக்கு ஜின் ஊற்றித் தீட்டுக் கழித்தால் சரியாகுமா என்றேன். அவர் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "தாயே, செஞ்சதுக்கு ஆடு வெட்டலாம். பாத்த கண்ணுக்கெல்லாம் எத்தன ஆட்ட வெட்டுவீங்க? ஊர் பாக்கலேன்னா நடக்கல. ஊர் பாத்துச்சுன்னா நடந்தது."

ஆக, ஊர் பார்க்காவிட்டால் போதும். ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், அவ்வளவுதான் உன்னிடம் கேட்கிறேன்.

மணை அந்த வீட்டுக்குப் போனால் என் இருக்கையும் போகும். அவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை உட்கார வைப்பார்கள். போகட்டும், நான் அதற்காக அழவில்லை. நம் அம்மா வழியில் ஏழு அரசர்கள் இருந்திருக்கிறார்கள். என் கையால்தான் அது முடிந்தது என்று பேர் வரும். ஆண்கள் சபையில் பதினோரு வருஷம் தனியாக உட்கார்ந்து வாதாடிய எனக்கு இந்தப் பேரா? எனக்கும் களைப்பாக இருக்கிறது யாவ். களைப்பு உனக்கு மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

லாம்ப்ட்டேயிடம் போ. சரி என்று ஒரு வார்த்தை சொல். வசனம் மறந்துபோயிற்று என்று சொல்லாதே, ஒரே ஒரு வார்த்தைதான்.

அக்கா


அசுவாசே
15 ஜூலை 1985

யாவ்,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பதில் என்ன என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. ஆண்பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால் பெண்கள்தானே எதையாவது செய்ய வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை குமாஸ்தாவைக் கூப்பிட்டனுப்பினேன். "ஒங்க ஜெனரேட்டர்ல டீசல் எவ்வளவு இருக்கு?" என்றேன். "ஒரு டின் இருக்கு தாயே, நாளைக்கு நாடகத்துக்கு ஆகும்" என்றான். "மாவு மில்லுக்கு டீசல் இல்லன்னு பொம்பளைங்க எல்லாம் என் தலையில ஏறி ஒக்காந்திருக்காங்க. நாடகம் பெருசா, சோறு பெருசா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். அரசித்தாய் கேட்டால் இல்லை என்பானா? டின்னைத் தூக்கிக்கொண்டு போய் மில்லில் ஊற்றினார்கள். சனிக்கிழமை முழுவதும் ஊரில் மாவு அரைத்தார்கள். ஒரு வாரத்துக்கு எல்லோர் வீட்டிலும் சோள மாவுக் கெங்கே உருண்டைதான்.

ஞாயிறு சாயங்காலம் பெரியவர்கள் நாற்காலியோடு போய்ச் செத்த பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். குமாஸ்தா பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றானாம். கடைசியில் சார்ப்போங், "சரி விடுங்க, நம்ம நானா இன்னிக்கு ஓய்வெடுக்கறாரு போல" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

யாரும் பார்க்கவில்லை. குமாசியில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் பார்த்திருந்தாலும், பெரிய நகரத்துப் பேச்சு, யார் நம்பப்போகிறார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சபை கூடுகிறது. நான் உன் பெயரைச் சொல்வேன். அடுத்த நாள் நீ இங்கே இருக்க வேண்டும். வாயை மட்டும் மூடிக்கொண்டு வா, அது உனக்கு நன்றாக வரும்.

அகோசுவா, அரசித்தாய்


அக்ரா
19 ஜூலை 1985

அக்கா,

உன் டீசல் கதையைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அந்த இடத்தை மறுபடி படித்தேன், சிரிப்பு வரவில்லை.

இங்கே மின்சாரம் இருந்தது. ஒக்யெரே வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தெருவில் இருந்த எல்லாப் பெட்டியிலும் அதே ஓடியது. திங்கள் காலை ட்ரோட்ரோவில் ஏறினேன். யாரும் நானா என்று கூப்பிடவில்லை. மீன் விற்கிறவள் ஒருத்தி எழுந்து, "ஐயா, நீங்க உக்காருங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா செஞ்சீங்க. எங்கப்பா செத்தப்பக்கூட நான் இப்படி அழல" என்றாள். நானா அழுதார் என்று சொல்லவில்லை, நீங்கள் செய்தீர்கள் என்றாள் அக்கா. அந்த வார்த்தைக்காக நாற்பது வருஷம் காத்திருந்தேன் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த நாடாவை அழித்து அதில் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பதிந்துவிட்டார்கள். லாம்ப்ட்டே வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் என்ன செய்வார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தது ஊருக்காகவோ பேருக்காகவோ இல்லை. நீ பார்ப்பாய் என்று நினைத்தேன். என்னதான் திட்டினாலும், அன்று ஒரு நாள் போய்ப் பின்னால் நின்றாவது பார்ப்பாய் என்று நினைத்தேன். சந்தையில் பாதியில் எழுந்து போனாயே, அன்றிலிருந்து நான் எந்த மேடையில் ஏறினாலும் நீ போன வழியைத்தான் முதலில் பார்ப்பேன். ஊர் பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்று பூசாரி சொன்னதாக எழுதியிருந்தாய். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். நீ பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. அதனால் உன்னைப் பொறுத்தவரை நான் இன்னும் அம்மாவின் துணியைத் திருடிக் கட்டிக்கொண்ட பயல்தான்.

வரச்சொன்னால் வருகிறேன். வாயை மூடிக்கொள்கிறேன். மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் இவன் காலும் இடுப்பும் மண் காணாதவை என்று மணைமுன் சத்தியம் செய்ய வேண்டியது நான் இல்லை, பெயரைச் சொல்கிற நீ. அது உன்னால் முடியும் என்றால் எழுது, பெட்டியைக் கட்டுகிறேன்.

யாவ்


அசுவாசே
2 ஆகஸ்ட் 1985

யாவ்,

நேற்று சபை கூடியது. வெள்ளைத் துணி உடுத்திப் போனேன். உன் பெயரைச் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். சார்ப்போங் ஜின் புட்டியைத் திறந்து ஊற்றத் தயாராக நின்றார். "சொல்லுங்க தாயே, காலும் இடுப்பும் மண் காணாதவன்தானே?" என்றார்.

ஆமாம் என்றுதான் சொல்ல வந்தேன். அந்த மீன்காரி என் கண்முன் வந்து நின்றாள். எவளோ ஒருத்தி, பேர்கூடத் தெரியாது. அவள் பார்த்ததை நடக்கவே இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பையும் சொன்னேன், மூன்று முறை தரை தொட்டதையும் சொன்னேன். டீசலையும் சொல்லிவிட்டேன். குமாஸ்தா வாயைப் பிளந்தான். சார்ப்போங் ஒன்று மட்டும் கேட்டார்.

"அழுதானா?"

"அழுதானாம்."

"யாராவது சொல்லி அழுதானா?"

"இல்ல. தானா வந்துச்சாம்."

அவர் புட்டியை மூடிவிட்டார். "அப்ப அவன் நெஜமாவே எறங்கிட்டான் தாயே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுப் பையனை ஏற்றுகிறார்கள். அரசித்தாய்க்குரிய என் குடையை இன்று காலை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஏழு அரசர்கள் யாவ். ஒரு தலை குனிவோடு நீ நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் எனக்குத் தூக்கம் வராததற்கு மணை காரணமில்லை. அக்ராவில் தெருவே பார்த்திருக்கிறது. கேமராக்காரன் பார்த்திருக்கிறான். கூடப் பிறந்தவள் பார்க்கக்கூடாது என்று டீசலை மில்லில் ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை லாரியில் வா. அரசனாகவும் வர வேண்டாம், எதுவாகவும் வர வேண்டாம். என் முற்றத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதை அங்கே எனக்குச் செய்து காட்டு. இந்தத் தடவை பாதியில் எழுந்து போகமாட்டேன்.

ஒக்யெரேயைக் கூட்டி வர வேண்டாம். நீ காலை நீட்டு. நான் கழற்றுகிறேன்.

அகோசுவா